அந்த ஐந்து மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்: பல்கலைக்கழகக் கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கல்விக்குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் சுற்றறிக்கை எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் மூன்று வாரமாகத் தொங்குகிறது. மொத்தம் இரண்டு பக்கம். வரும் கல்வியாண்டிலிருந்து இளநிலை இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு விருப்பப்பாடத்தை ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளத்தில்தான் படிக்க வேண்டும். அந்தப் பாடத்துக்கான வாரம் 5 மணி நேரம் கால அட்டவணையிலிருந்து நீக்கப்படும். துறையின் பணிச்சுமை அதற்கேற்பத் திருத்தப்படும். துறைக்கு ஒரு பொறுப்பாசிரியர் மாணவர் பதிவுகளைக் கண்காணிப்பார். அவருக்கு இதற்கென்று நேரம் ஒதுக்கப்படாது. தேர்வுக் கட்டணம் மாணவர் பொறுப்பு. முதல் பத்தியில் ‘உலகத்தரம்’ என்ற சொல் மூன்று தடவை வருகிறது. நீக்கப்படும் மணி நேரத்தைப் பற்றிய வரி இரண்டாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. நான் எழுதுவது அந்த வரியைப் பற்றி.

நான் மலையடிவாரத்தில் உள்ள ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் 11 வருடமாகக் கணிதம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். தன் வேலைக்கு ஆபத்து என்பதால்தான் எழுதுகிறாள் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். அதுவும் ஒரு காரணம்தான், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று கூட்டினால் எங்கள் துறையில் வாரத்துக்கு 20 மணி நேரம் குறைகிறது. எங்களில் ஒருவருக்கு வாரம் 16 மணி நேரம். ஆக, ஒருவர் முழுதாகவும் இன்னொருவர் கால்வாசியும் வெளியே போக வேண்டும். அந்தக் கால்வாசி ஆள் எப்படி இருப்பார் என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். முழு ஆளுக்கே மாதம் 25,000 ரூபாய்தான், அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்கு. 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்ன உச்சவரம்பு 50,000. எங்களை அனுப்பினால் மிச்சமாகப்போகும் தொகை அவ்வளவுதான்.

சரி, என் கதை போகட்டும். மாணவர் கதைக்கு வருகிறேன்.

இணையத்தில் படிப்பதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நானே அதில் படித்துத் தேறியவள். 2017-ல் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான செட் தேர்வுக்குத் தயாரானபோது என் மகளுக்கு இரண்டு வயது. அவள் தூங்கிய பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு காதில் இயர்போனும் இன்னொரு காது தொட்டில் பக்கமுமாக என்பிடெல் வீடியோக்களைப் பார்ப்பேன். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது, இன்றைக்கு அதன் பாடங்கள் ஸ்வயம் தளத்தில்தான் நடக்கின்றன. 2003-ல் அதற்கு மத்திய அரசின் பணம் வந்தது, 2014-ல் சான்றிதழ்த் தேர்வு வந்தது. வீடியோவுக்கு இன்றைக்கும் காசு கிடையாது. மெஷர் தியரி எனக்கு எம்.எஸ்சி.யில் புரிந்ததே இல்லை. அந்தச் சமையலறையில்தான் புரிந்தது. நடத்திய பேராசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் காலில் விழுவேன்.

ஆனால் அப்போது நான் எம்.ஃபில். முடித்தவள். எனக்கு எது புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்தி, எந்தப் புத்தகத்தைப் புரட்டி, எந்தச் சொல்லைப் போட்டுத் தேட வேண்டும் என்பதும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் 18 வயதுப் பிள்ளைக்கு, எங்கே புரியாமல் போனது என்று சொல்லவே ஓர் ஆள் வேண்டும்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்தப் பேராசிரியர்கள் கிடைக்கட்டும் என்று 2022 ஜூலையில் நானாகத்தான் ஆரம்பித்தேன். யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. லீனியர் அல்ஜீப்ரா, 12 வாரப் பாடம். விருப்பமுள்ளவர்கள் சேரலாம் என்றேன். 24 பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடைசி இரண்டு மணி நேரம், கம்ப்யூட்டர் லேபில். அங்கே 30 கணினி உண்டு, ஓடுவது 13. அதனால் தனித்தனியாகப் பார்க்கும் பேச்சே இல்லை. என் லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டி, என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினோம். ஜன்னல் ஓரத்தில்தான் சிக்னல் வரும். கைப்பேசியை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டி வைப்பது ஒரு பையனின் பொறுப்பு.

முதல் வீடியோ 28 நிமிடம். நாங்கள் முடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. நிறுத்தி நிறுத்தித்தான் போனோம். ‘ஸ்பேன்’ என்ற சொல் வந்த இடத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். முந்தின நாளே அகராதி பார்த்து வைத்திருந்தாள். “மேம், ஸ்பேன்னா சாண்தானே? வெக்டருக்கு ஏது சாண்?” வகுப்பு சிரித்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. அகராதியில் தப்பில்லை, சாணையே வைத்துக்கொள்வோம் என்றேன். கையை விரித்தால் எட்டுகிற அளவுதானே சாண்? இப்போது உன்னை ஓர் இடத்தில் நிற்க வைத்து, இந்த இரண்டு திசையில் மட்டும்தான் நடக்கலாம் என்கிறேன். முன்னால் போகலாம், பின்னால் போகலாம், எவ்வளவு தூரமும் போகலாம், ஒன்றில் கொஞ்சம் நடந்துவிட்டு மற்றதில் திரும்பலாம். அப்படி நடந்து உனக்கு எட்டுகிற இடமெல்லாம் சேர்ந்ததுதான் அந்த இரண்டு வெக்டரின் ஸ்பேன். சரி, இரண்டு திசையும் ஒரே ரோட்டில் இருந்தால்?

“ரோட்டை விட்டு இறங்கவே முடியாது மேம்” என்றான் ரப்பர் பேண்ட் பையன்.

இதற்கு லீனியர் டிபெண்டன்ஸ் என்று பெயர், அந்தப் பாடம் அடுத்த வாரம்தான் வர வேண்டும். அவன் அன்றைக்கே அங்கே போய்விட்டான். வீடியோவில் இருந்த பேராசிரியர் இதைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவரால் பார்க்க முடியாது, நான் பார்த்தேன். நீங்கள் அட்டவணையிலிருந்து எடுப்பது இந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தை. 28 நிமிட வீடியோ எப்படியும் இருக்கத்தான் போகிறது, அதை யாரும் எடுக்க முடியாது.

‘ஆங்கிலம் சிரமம் என்றால் திரையில் தமிழ் வரிகள் வருகின்றனவே’ என்று ஓர் ஆலோசனைக் கூட்டத்தில் பதில் சொன்னீர்கள். வந்தன. இயந்திரம் மொழிபெயர்த்த வரிகள். நாங்கள் பார்த்த ஒரு வீடியோவில் ‘ஃபீல்ட்’ என்பது ‘வயல்’ ஆகியிருந்தது. ‘ஒரு வயலின் மேல் உள்ள திசையன் வெளி’ என்று திரையில் ஓடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வயல் தெரியும், பாதிப்பேர் காலையில் அதில் இறங்கிவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். அதன் மேல் வெக்டரை எப்படி நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. கணிதத்தில் இதைக் களம் என்போம், கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் இடம்தரும் எண்களின் தொகுப்பு என்று சொல்ல ஓர் ஆள் அறையில் இருந்ததால் அது சிரிப்போடு முடிந்தது. வீட்டில் தனியாகப் பார்ப்பவள் வயல் என்றே எழுதி வைத்துக்கொள்வாள்.

அந்த முறை 24 பேரில் 19 பேர் தேர்வு எழுதினார்கள். 15 பேர் தேர்ச்சி.

இந்த எண்ணிக்கை மேலிடத்துக்குப் போனது. மேலிடத்துக்குப் பிடித்தும் போனது. அடுத்த வருடம் 52 பேரைச் சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தோம், அதாவது வருகைப்பதிவைக் காட்டிப் பயமுறுத்திச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரத்தை வேறு பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ‘இணையவழிப் பாடம்தானே, வீட்டிலேயே பார்க்கட்டும், லேப் எதற்கு?’ என்றார்கள். 52 பேரில் தேர்வு எழுதியவர்கள் 17. தேர்ச்சி 6.

அதே பாடம், அதே வீடியோ, அதே பேராசிரியர். முதல் வருடம் வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள், இரண்டாம் வருடம் வந்தவர்கள் தள்ளிவிடப்பட்டவர்கள் என்பதால் ஒப்பீடு சுத்தமானதல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டாயமாகத் தள்ளிவிடுவதைத்தானே உங்கள் சுற்றறிக்கையும் சொல்கிறது? என்னுடைய இரண்டாம் வருடத்தைத்தான் நீங்கள் எல்லாக் கல்லூரிகளுக்கும் விரிக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். ‘முன்னோட்டக் கல்லூரிகளில் மாணவர் ஈடுபாடு மிக உயர்வாக இருந்தது’ என்று சுற்றறிக்கையில் ஒரு வரி வருகிறது. ஈடுபாட்டை எதை வைத்து அளந்தீர்கள் என்று விசாரித்தேன். வாராந்தர அசைன்மென்ட் சமர்ப்பித்த எண்ணிக்கையாம். எங்கள் இரண்டாம் வருட 52 பேரில் ஏறக்குறைய எல்லோருமே அசைன்மென்ட் சமர்ப்பித்தார்கள். பெரும்பாலானவர்கள் இருபத்தைந்துக்கு இருபதுக்கு மேல். எப்படி என்று கேட்கிறீர்களா? அசைன்மென்ட் வெளியான இரண்டு மூன்று மணி நேரத்தில் விடைகள் கைப்பேசிக் குழுக்களில் வந்துவிடும். ‘1 சி, 2 ஏ, 3 டி.’ வீடியோவைத் திறக்காமலே பேருந்தில் நின்றபடி தட்டிவிடலாம். இந்தப் பாடங்களில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10-ம் இரண்டாவதில் 30-ம் எடுத்தால்தான் சான்றிதழ். அசைன்மென்ட்டில் 23 வாங்கிய ஒரு பையன் தேர்வில் 12 வாங்கினான். உங்கள் திரையில் அவன் ஈடுபாடு மிக்க மாணவன். நான் அவனைத் திட்டவில்லை. ரப்பர் பேண்ட் பையனின் தம்பிதான் அவன். அண்ணனுக்குக் கிடைத்த வெள்ளிக்கிழமை தம்பிக்குக் கிடைக்கவில்லை.

வீட்டிலேயே பார்க்கட்டும் என்பவர்கள் எந்த வீட்டை நினைத்துச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. சாண் கேட்ட மாணவியின் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது அண்ணனுடையது. அவர் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு வருவார். சாப்பிட்டு, அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்து, இவள் கைக்கு வரும்போது மணி பத்து. அப்போது அப்பா கேட்பார்: “ராத்திரி பத்து மணிக்குப் பொம்பளப் பிள்ளைக்கு போன்ல என்ன வேலை?” லீனியர் அல்ஜீப்ரா என்று சொன்னால் நம்புகிற அப்பா இல்லை அவர். கல்லூரி முடிந்து லேபில் பார்க்கலாமே என்றால், அவள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் 4.40. லேப் பூட்டுவது 4.30.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில், 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தார்கள். 2025 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று அறிவித்தார்கள். வரவேற்கிறேன். திரை பெரிதாகும், அண்ணன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் ‘வயல்’ வயலாகத்தான் இருக்கும், விடைகளும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் வந்து சேரும்.

அப்புறம் தேர்வு. என்பிடெல் பாடம் ஒன்றுக்குத் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 500. எங்கள் மாணவிகள் பலருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் பணமும் மாதம் 1000 ரூபாய்தான். அரசு ஒரு கையால் கொடுப்பதை நீங்கள் இன்னொரு கையால் வாங்குகிறீர்கள், செமஸ்டருக்கு ஒரு தடவை. தேர்வு மையமோ 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு பொறியியல் கல்லூரியில். ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணித் தேர்வுக்கு முதல் பேருந்தைப் பிடித்தாலும் போய்ச்சேர முடியாது. 2022-ல் ஒரு வேன் பேசினோம், தலைக்கு 200 ரூபாய். மாணவிகளோடு மூன்று அம்மாக்கள் வந்தார்கள், தனியாக அனுப்ப மனமில்லாமல். அவர்கள் மூவரும் மதியம்வரை அந்தக் கல்லூரி வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் இழந்த கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சுற்றறிக்கை யுஜிசி விதிமுறையை மேற்கோள் காட்டுகிறது, ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள்வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று. உண்மைதான். 2016-ல் 20 சதவீதமாக இருந்தது 2021-ல் 40 ஆனது. ஆனால் அது ‘வரை’. உச்சவரம்பைக் கட்டாயமாகப் படித்திருக்கிறீர்கள். அதே 2016 விதிமுறையை முழுக்க வாசித்தால் வேறு சில வரிகளும் கண்ணில் படும். துறையில் தகுந்த ஆசிரியர் இல்லாதபோது, மாணவர் கேட்கும் விருப்பப்பாடம் கல்லூரியில் இல்லாதபோது, அல்லது நடக்கிற கற்பித்தலுக்குத் துணையாக இருக்கும்போது இணையவழிப் பாடத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது அது. எங்களிடம் ஆசிரியர் இருக்கிறார்கள். அவர்களை அனுப்பிவிட்டு, ஆசிரியர் இல்லை என்று சொல்வதற்கு விதிமுறை தேவையில்லை. படிக்கத் தேவையான கணினி வசதி, ஆய்வகம், நூலகம் எல்லாவற்றையும் மாணவர் சேர்ந்த நிறுவனமே இலவசமாகவும் போதுமான அளவிலும் தர வேண்டும் என்கிறது. பாடம் முழுக்க மாணவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. வழிகாட்டச் சொன்ன ஆளைத்தான் நீங்கள் நேரம் ஒதுக்காத ‘பொறுப்பாசிரியர்’ ஆக்கி, பதிவைக் கண்காணிக்க வைத்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊர் ஏழை ஊர், அதனால் இப்படி என்று தோன்றலாம். கலிபோர்னியாவுக்குப் போவோம், கணினியெல்லாம் விளைகிற மண். அங்கே சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு முயற்சி அடுத்தடுத்து நடந்தது. 2012 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மின்சுற்றுப் பாட வீடியோக்களை எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வழியாக எடுத்துக்கொண்டார்கள். மாணவர் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள், வகுப்பில் ஆசிரியர் கூடவே நின்று கணக்குப் போட வைப்பார். வழக்கமாகப் பாதிக்குச் சற்று மேல் இருந்த தேர்ச்சி அந்த வகுப்பில் 91 சதவீதமானது. 2013 தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகம் உடாசிட்டி என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று அடிப்படைப் பாடங்களை முழுக்க இணையத்தில் நடத்தியது. வகுப்பறையில் படித்தவர்களைவிடத் தேர்ச்சி மிகவும் குறைந்தது. ஜூலையில் நிறுத்திவைத்தார்கள். அந்தக் கோடையில் எடுத்த அடுத்த தொகுதியில் தேர்ச்சி கூடியதையும் சொல்லிவிட வேண்டும். அதில் படித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கனவே பட்டம் பெற்றவர்கள். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்கள்.

அதே வருடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் தத்துவத்துறை ஆசிரியர்கள் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அவருடைய வகுப்பு வீடியோவை வைத்துத் தாங்கள் பாடம் நடத்த மாட்டோம், இது கடைசியில் பேராசிரியர் நேரில் இருக்கும் பல்கலைக்கழகம், வீடியோ மட்டும் ஓடும் பல்கலைக்கழகம் என்று இரண்டு வகையில் போய் முடியும் என்று. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எனக்கு அந்த வீடியோ வேண்டும். கூடவே வெள்ளிக்கிழமையும் வேண்டும்.

சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பை உங்களில் பலர் முன்மாதிரியாகச் சொல்கிறீர்கள். நல்ல முன்மாதிரிதான். அங்கே வீடியோவோடு, சந்தேகம் கேட்க நேரலை வகுப்பும் அதற்கென்று ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். என் அப்பா ரேஷன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் எம்.ஏ. முடித்தவர். தபாலில் பாடக்கட்டு வரும், மட்டமான காகிதம், சில பக்கங்களில் மை அப்பியிருக்கும். ஆனால் அந்தக் காலத்திலேயே தொடர்பு வகுப்பு என்று ஒன்று வைத்திருந்தார்கள். சனி ஞாயிறு டவுனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். பாடக்கட்டு எழுதியவர் யார் என்று அவருக்கு இன்றைக்கு நினைவில்லை. தொடர்பு வகுப்பு எடுத்தவர் எந்த ஊர், என்ன சட்டை போடுவார், எந்த இடத்தில் இருமுவார் என்பதுவரை சொல்வார்.

இனி நான் கேட்பவை.

இந்தச் சுற்றறிக்கையை வரும் கல்வியாண்டுக்கு நிறுத்திவையுங்கள். இணையவழிப் பாடம் மாணவரின் விருப்பமாக இருக்கட்டும். அந்தப் பாடத்தை நேரில் நடத்த ஆசிரியர் இருக்கும் துறையில் அதைக் கட்டாயமாக்காதீர்கள்.

இணையவழிப் பாடம் எடுக்கும் வகுப்புக்கும் அந்த 5 மணி நேரம் கால அட்டவணையில் அப்படியே இருக்க வேண்டும். கல்லூரி நேரத்துக்குள், ஓர் அறையில், அந்தப் பாடம் தெரிந்த ஓர் ஆசிரியரோடு. இரண்டு மணி நேரம் வீடியோவுக்கு, மூன்று மணி நேரம் கணக்குப் போட்டுப் பார்க்க. அது அந்த ஆசிரியரின் பணிச்சுமையில் சேர வேண்டும். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின்னாக ஆனாலும் பொறுத்துக்கொள்வேன், இதில் மட்டும் முடியாது.

கட்டாயமாக்குவதே முடிவென்றால் தேர்வுக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் கட்டட்டும். தேர்வு மையம் ஒன்றையாவது எங்கள் பக்கத்து அரசுக் கல்லூரிகளில் அமைக்கச் சம்பந்தப்பட்டவர்களிடம் எழுதிக் கேளுங்கள். பல்கலைக்கழகம் கேட்டால் கிடைக்கலாம்; நான் கேட்டால் பதில்கூட வருவதில்லை.

முன்னோட்டக் கல்லூரிகளின் எண்ணிக்கையை வெளியிடுங்கள். அசைன்மென்ட் சமர்ப்பித்தவர் எத்தனை பேர் என்பது வேண்டாம். சேர்ந்தவர், தேர்வு எழுதியவர், தேர்ச்சி பெற்றவர், இந்த மூன்றும் கல்லூரிவாரியாக, தமிழ்வழி ஆங்கிலவழி என்று பிரித்து வேண்டும்.

தமிழ் வரிகளை எங்களிடம் கொடுங்கள், திருத்தித் தருகிறோம். எங்கள் துறையில் மட்டும் நான்கு பேர் தயாராக இருக்கிறோம். ஒரு வாரத்தில் ஒரு பாடத்தின் கலைச்சொற்களையாவது ஒழுங்கு செய்துவிடலாம். அதையும் ஒரு பணியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்த கல்விக்குழுக் கூட்டத்துக்கு முன் இதற்கு எழுத்தில் பதில் தாருங்கள். அதற்கும் முன்னால், உங்களில் யாராவது ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் லேபுக்கு வந்து பின்வரிசையில் உட்காருங்கள். புரொஜெக்டரை நான் மாட்டிவிடுகிறேன். இரண்டரை மணிக்குள் வந்துவிட்டால் நல்லது, 4.40 பஸ்ஸுக்குப் பிள்ளைகளை விட்டாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணிதக் கௌரவ விரிவுரையாளர்
(ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதால் பெயர் போடவில்லை. யார் என்று எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.)